பிளஸ் டூ வீட்டில் நுழைவுத் தேர்வும் விடுமுறையும்: டெல்டா பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி மாவட்டங்களில் பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் எழுகின்றன. படிப்பது பிள்ளையின் வேலை. சான்றிதழ், பயணம், சாப்பாடு, தூக்கம், விசாரிக்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது, இந்த ஐந்தும் பெற்றோரின் வேலை. கீழே உள்ளவை அந்த ஐந்தைப் பற்றியவை. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும். உங்கள் பிள்ளை எழுதும் ஆண்டின் தகவல் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு? எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டுவிடலாமா?

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி ஆகியவற்றுக்கு நீட். திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய அரசின் பொறியியல் கல்லூரிகளுக்கு ஜே.இ.இ. மெயின். தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பி.டெக். சேரவும் ஜே.இ.இ. மெயின்தான், இது நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. ஐ.ஐ.டி.க்கு மெயினில் தேறி அட்வான்ஸ்டு எழுத வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட். நீலக்குடியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே மத்தியப் பல்கலைக்கழகம் இருந்தும், கியூட் விண்ணப்பக் கெடு முடிந்த பிறகு விசாரிக்கிற பெற்றோர் நிறையப் பேர்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள், வேளாண்மை, மீன்வளம், மாநில ஒதுக்கீட்டு கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு நுழைவுத் தேர்வே இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் போதும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. டாக்டர் இல்லாவிட்டால் இன்ஜினியர் என்ற இரண்டே கதவுகள்தான் இருப்பதாக வீட்டில் பேசாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போடுவது நல்லதல்ல. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். சனவரி முதல் சூன் வரை ஐந்து தேர்வு எழுதும் பிள்ளைக்கு மார்ச்சில் வரும் பொதுத்தேர்வுதான் முதலில் அடிவாங்கும். ஒரு நுழைவுத் தேர்வு, அதிகம் போனால் இரண்டு. அதோடு நிறுத்துங்கள்.

பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை என்றால் கட்-ஆஃப் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

1984-இல் தொடங்கிய மாநில நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. இப்போது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மொத்தம் 200. கணிதத்தில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 88 வாங்கிய பிள்ளைக்கு 96 + 45 + 44 = 185. கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று ஏறும். இயற்பியலில் கூடினால் அரைதான். கடைசி மாத உழைப்பை எங்கே போடுவது என்று பிள்ளை கேட்டால் இதைச் சொல்லலாம்.

இருவர் சமமாக நின்றால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எதிலும் பிரியவில்லை என்றால் கடைசியில் ரேண்டம் எண், அதாவது விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி குலுக்கல் போலத் தரும் எண். அந்த எண் வந்த அன்று அதை வைத்து சந்தோஷமோ கவலையோ படத் தேவையில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது பயன்படும் இடமே வராது.

விண்ணப்பத்தில் பெயர், இனிஷியல் எப்படிப் போட வேண்டும்?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே. சிக்கல் பெரும்பாலும் ஆதாரில்தான் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், சாதிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள். பதினொன்றாம் வகுப்பு முடிந்த மே மாதத்திலேயே ஆதாரில் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் மூன்றையும் சரிசெய்துவிடுங்கள். விண்ணப்பம் திறந்த பிறகு ஆதார் மையத்தில் வரிசையில் நின்றால் திருத்தம் நேரத்துக்கு வராது.

கைபேசி எண் இன்னொரு பொறி. அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகளில் அவருடைய அந்த ஊர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். ஓ.டி.பி. வராது, வந்தாலும் அவர் வேலையில் இருப்பார். தமிழ்நாட்டிலேயே இருக்கும், ரீசார்ஜ் தவறாத ஒரு எண்ணைக் கொடுத்து, அடுத்த ஓராண்டுக்கு அதை மாற்றாமல் வைத்திருங்கள். மின்னஞ்சல் பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்தால் கவுன்சிலிங் வரை அவர் பின்னால் அலைய வேண்டும். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள்.

சாதிச் சான்றிதழ் இருக்கிறது. அது போதாதா?

மாநிலக் கவுன்சிலிங்குக்குப் போதும். நீட் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் ஜே.இ.இ.க்கும் போதாது. நம்மிடம் இருப்பது பி.சி. அல்லது எம்.பி.சி. என்று மாநில அரசு தந்த சான்றிதழ். மத்திய அரசின் இடங்களுக்கு ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இல்லை.

இதில் அதிகம் நடக்கும் பிழை தேதி. பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ் ஜே.இ.இ. மெயின் விண்ணப்பத்துக்குச் செல்லும். அடுத்த சூனில் இடம் ஒதுக்கும்போது அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கிய சான்றிதழைக் கேட்பார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். சம்பளமும் வேளாண் வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் பெற்றோரின் அரசுப் பதவி நிலைக்கும் நிலத்தின் அளவுக்கும் தனி விதிகள் உண்டு, அதையும் பாருங்கள்.

எல்லாமே இ-சேவை மையம் வழியாகத்தான். விண்ணப்பம் அங்கிருந்து வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று நகரும். டெல்டாவில் ஒன்றை நினைவில் வையுங்கள்: நவம்பரில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்க ஊரே வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நிற்கும். மழை கொட்டினால் அடுத்து வெள்ளச் சேதக் கணக்கு. அந்த மாதங்களில் சான்றிதழ் கேட்டால் தாமதமாவது இயல்பு. அது யாருடைய குற்றமும் அல்ல. ஆகஸ்டு, செப்டம்பரில் வாங்கக் கூடியவற்றை அப்போதே வாங்கிவிடுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்?

தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று யாருமே பட்டம் வாங்காத குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப் போகும் ஒரு பிள்ளைக்கு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். பொறியியல் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இல்லை. அண்ணன் டிப்ளமோவோடு நிறுத்தியவர் என்றால் அவருடைய மாற்றுச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள், கேட்பார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் வரை விரிந்தது. இந்த ஏழு ஆண்டுகளுக்கும் படிப்புச் சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும், அதுவும் கோடை விடுமுறைக்கு முன்பே.

ஜே.இ.இ. முதல் கட்டம் சனவரி கடைசியில் வருகிறது. பொங்கலை என்ன செய்வது?

கொண்டாடுங்கள். பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் பிள்ளையை அறைக்குள் வைத்துப் பூட்டினால் அந்த இரண்டு நாளும் புத்தகத்தில் ஏறப்போவதில்லை. வாசலில் கேட்கும் சத்தம்தான் ஏறும். போகி காலை வரை படிப்பு, பொங்கலும் மாட்டுப் பொங்கலும் முழு விடுப்பு, காணும் பொங்கல் மாலையிலிருந்து மறுபடியும் மாதிரித் தேர்வு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட்டால் பிள்ளையும் குற்ற உணர்ச்சி இல்லாமல் கரும்பு கடிக்கும்.

பொங்கலைவிடப் பெரிய இடைஞ்சல் அறுவடை. சம்பா அறுக்கும் மெஷின் எந்த இரவில் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும். அந்தக் காவலுக்குத் தேர்வு எழுதும் பையனை அனுப்பாதீர்கள். ஒரு இரவு பனியில் கண்விழித்தால் அடுத்த மூன்று நாள் சளியும் தூக்கக் கலக்கமும்தான். பங்காளிகளிடம் முறை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் போகலாம்.

திருவையாறு பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் சனவரியில்தான் வரும், பஞ்சரத்தின கீர்த்தனை நாளில் தஞ்சாவூர் சாலை நெரியும். தேர்வு நாள் அதோடு மோதினால் வேறு வழியில் புறப்படுங்கள்.

பிள்ளைக்கு 90 பர்சன்டைல் வந்திருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறுதானே?

இல்லை. அந்த வேளையில் எழுதிய நூறு பேரில் தொண்ணூறு பேர் உங்கள் பிள்ளையின் அளவோ அதற்குக் கீழோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஜே.இ.இ. மெயினில் 75 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1. பல நாள், பல வேளைகளில் வெவ்வேறு வினாத்தாள் வருவதால் பர்சன்டைலாக மாற்றுகிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் எழுதும் தேர்வில் 90 பர்சன்டைல் என்றால் முன்னால் ஒரு லட்சம் பேருக்கு மேல் நிற்கிறார்கள். ஏப்ரலிலும் எழுதினால் இரண்டில் எது நல்லதோ அதையே எடுத்துக்கொள்வார்கள். சனவரி முடிவைக் கேட்டதும் லட்டு வாங்கவும் வேண்டாம், முகம் வாடவும் வேண்டாம்.

என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு. இங்கே மாநிலம் என்பது பிளஸ் டூ தேறிய மாநிலம்; பிறந்த ஊர் அல்ல. கோச்சிங்குக்காக ஆந்திராவிலோ ராஜஸ்தானிலோ பள்ளியில் பெயர் பதிந்து பிளஸ் டூ முடித்தால் திருச்சி என்.ஐ.டி.யில் உங்கள் பிள்ளை வெளிமாநிலம் ஆகிவிடும். கும்பகோணத்தில் வீடு இருப்பது அங்கே செல்லாது.

பங்குனி, சித்திரையில் ஊர்த் திருவிழா. மைக் செட் சத்தத்தில் எப்படிப் படிப்பது?

மாரியம்மன் கோயில் காப்புக் கட்டும் நேரமும் பொதுத்தேர்வும் நீட் தயாரிப்பும் ஒன்றாகவே வரும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை உண்டு. ஆனால் முதல் நாளே புகார் என்று போகாமல், காப்புக் கட்டுவதற்கு முன் நாட்டாமைகளிடமும் விழாக் குழுவிடமும் நேரில் பேசுங்கள். தெருவில் எத்தனை பிள்ளைகள் பிளஸ் டூ என்று சொல்லி, குழாய் ஸ்பீக்கரின் வாயை வயல் பக்கம் திருப்பக் கேளுங்கள். மாலை 6 முதல் 8 வரை பாட்டு, பிறகு பூசைக்கு மட்டும் மைக் என்று கேளுங்கள். பெரும்பாலான ஊர்களில் ஒத்துக்கொள்வார்கள், அந்தத் தெருவில் அவர்கள் வீட்டுப் பிள்ளையும் எழுதும். முடியாவிட்டால் அந்த ஒரு வாரம் மாமா வீட்டிலோ அத்தை வீட்டிலோ பிள்ளையை விடுங்கள். காதில் பஞ்சு வைத்துப் படிக்கச் சொல்வது பலிக்காது. தீமிதி அன்றைக்கு மட்டும் வந்து கலந்துகொள்ளட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளி விடுமுறை, மின்சாரம் இல்லை. படிப்பு தடைபடுகிறதே?

அக்டோபர் தொடங்கும் முன்பே முந்தைய பத்து ஆண்டு வினாத்தாள்களை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். இணையவழிப் பாடத்தை மட்டும் நம்பினால் மூன்று நாள் டவர் இல்லாதபோது கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சார்ஜ் விளக்கு ஒன்று போதும்.

சான்றிதழ்களுக்கும் இது ஆபத்தான காலம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது கூரையோடு சேர்த்து மதிப்பெண் பட்டியலும் நனைந்துபோன வீடுகள் உண்டு. அசல்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரணில் அல்லாமல் இரும்புப் பெட்டியில் வையுங்கள். அரசின் இணையப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஒரு படி இருக்கட்டும்.

நீட் அன்று என்னென்ன செய்ய வேண்டும்?

2025-ஆம் ஆண்டு முறைப்படி தேர்வு மே முதல் ஞாயிறு பிற்பகல் 2 முதல் 5 வரை. 180 கேள்வி, 720 மதிப்பெண். நுழைவாயில் 1.30-க்கு மூடப்படும். ஒரு நிமிடம் பிந்தினாலும் திறக்க மாட்டார்கள், அழுதும் பயனில்லை. அதனால் பயணத் திட்டம்தான் முதல் வேலை.

வேதாரண்யத்திலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ திருச்சிக்கு மையம் விழுந்தால் காலையில் புறப்படலாம் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் குறைவு. மே மாதம் முகூர்த்த நாளாக இருந்தால் சாலையும் லாட்ஜும் நிறைந்துவிடும். முதல் நாள் மாலையே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். அங்கே யார் யார் வருவார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பிள்ளை தூங்காது. மையத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள் இருக்கும் ஊர்கள் உண்டு. ஹால் டிக்கெட்டில் உள்ள முகவரியின் பின்கோடு வரை ஒப்பிடுங்கள்.

பையில்: புகைப்படம் ஒட்டிய ஹால் டிக்கெட், விண்ணப்பத்தில் போட்ட அதே பாஸ்போர்ட் அளவுப் படம், ஹால் டிக்கெட்டோடு வரும் படிவத்தில் ஒட்டிய போஸ்ட்கார்டு அளவுப் படம், அசல் அடையாள அட்டை, லேபிள் இல்லாத கண்ணாடி போன்ற தண்ணீர் பாட்டில். பேனாவை உள்ளேயே தருவார்கள். கைபேசி உங்களிடம் இருக்கட்டும்.

உடை: அரைக்கை, வெளிர் நிறம், செருப்பு. ஷூ கூடாது. கொலுசு, தோடு, மூக்குத்தி, மோதிரம், இரும்புக் காப்பு எல்லாவற்றையும் முதல் நாள் இரவே கழற்றிவிடுங்கள். மூக்குத்தி சில சமயம் வாசலில் கழறாது, அந்தப் பதற்றத்தில் இயற்பியல் மறந்துபோகும். ஹிஜாப் போன்ற மரபு உடையில் வருபவர்கள் சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் குறிப்பிட்ட நேரத்துக்கு வெகு முன்பே போய்விட வேண்டும்.

சாப்பாடு 11 மணிக்கு. இட்லியும் தயிர்சாதமும் போதும். ஹோட்டல் பிரியாணி, குளிர்பானம் வேண்டாம். மே மாத வெயிலில் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில், ஒரு குடை.

வட்டம் நிரப்பும் விடைத்தாளான ஓ.எம்.ஆர். தாளில் எங்கே தவறு நடக்கிறது?

வினாத்தாள் குறியீடும் ஓ.எம்.ஆர். குறியீடும் ஒன்றா என்று பார்க்காமல் தொடங்குவது ஒன்று. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்த விடையை அதன் வட்டத்தில் நிரப்புவது இன்னொன்று. பத்துக் கேள்வி கழித்துத்தான் தெரியும், பந்துமுனைப் பேனா அழியாது. வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே ஓ.எம்.ஆர். அச்செடுத்துக் கொடுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை நிரப்பிவிட்டுத்தான் திருப்ப வேண்டும் என்பது பழக்கமாகட்டும். எல்லாவற்றையும் கடைசி இருபது நிமிடத்துக்கு வைத்திருக்கும் பிள்ளைகள்தான் நிரப்பாமல் எழுந்து வருகிறார்கள்.

தமிழில் எழுதுவதாக இருந்தால் விண்ணப்பத்திலேயே தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி. பாடச் சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் என்ன கேட்பது?

“பசிக்குதா?” அன்று அது போதும். விடைக்குறிப்பு சில நாளில் அதிகாரபூர்வமாகவே வரும். தவறு இருந்தால் கட்டணம் கட்டி ஆட்சேபிக்கலாம். 2025 வரை கேள்விக்கு 200 ரூபாய். அதற்குள் வாசலில் நிற்கும் கூட்டத்தோடு சேர்ந்து மதிப்பெண் கூட்டுவது பிள்ளைக்கு இரண்டாவது தேர்வு.

எப்போது ஊர் சுற்றப் போகலாம்?

நீட் எழுதியவர்களுக்கு மே இரண்டாவது, மூன்றாவது வாரம் நல்ல இடைவெளி. அதே நேரத்தில் பொறியியல் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் சான்றிதழ்களை ஏற்றிவிட்டுப் புறப்படுங்கள். சூன் முதல் எந்த நாளும் ஏதாவது ஒரு கெடு இருக்கும். டவர் கிடைக்காத மலைக்குப் போக வேண்டாம். அரையாண்டு விடுமுறையில் பிளஸ் டூ பிள்ளைக்கு ஒரே நாள் பயணம் இரண்டு போதும், இரவில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ஒரே நாளில் போய்வர எங்கே போகலாம்?

டிசம்பர், சனவரி என்றால் கோடியக்கரை. வலசைப் பறவைகளும் வெளிமான்களும் பார்க்க அதைவிட நல்ல மாதங்கள் இல்லை, விடியலில் போய்விடுங்கள். பைனாகுலர் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டால் பிள்ளை கைபேசியைத் தொடாது. உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இன்னும் பிடிக்கும்: மூச்சு வேர்களைப் பாடப் புத்தகப் படத்தில் பார்த்திருக்கும், அங்கே சேற்றில் நேரில் பார்க்கும். படகுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் கடலும் ஒரே இடத்தில் இருக்கின்றன; காலையில் கோட்டை, மாலையில் கடற்கரை, வழியில் பூம்புகார். கோடையில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலை ஐந்துக்குப் பிறகு போங்கள், அதற்கு முன் கல் தரை காலைப் பொசுக்கும். சரபோஜி மன்னர் கட்டிய மனோரா பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரை நாள் வேலை.

பயணத்தில் கட்-ஆஃப் பேச்சு வேண்டாம் என்று எல்லாரும் வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். தாத்தாவுக்குத் தனியாக ஒருமுறை.

தேர்வு முடிந்ததும் பையன்கள் ஆற்றில் குளிக்கப் போகிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. மேட்டூர் அணையை சூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும், பிறகு காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். கோடை முழுக்க மணலாகக் கிடந்த ஆற்றில், நேற்று கிரிக்கெட் ஆடிய இடத்தில், இன்று நீர். மணல் அள்ளிய குழிகள் அப்படியே அடியில் இருக்கும். முழங்கால் அளவு நீரில் நடந்துவருபவன் அடுத்த அடியில் மூழ்குவது இதனால்தான். மதகு, தடுப்பணை, தலைப்பு ஆகியவற்றின் கீழ்ப்பக்கத்தில் விழும் நீர் சுழன்று மேலே வருகிறவனைத் திரும்ப உள்ளே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் அங்கே கை ஓயும். கொள்ளிடத்தில் ஷட்டர் தூக்கினால் நீர் வேகமாக ஏறும்.

குளிக்கவே கூடாது என்று சொன்னால் சொல்லாமல் போவார்கள். ஊர்க்காரர்கள் தினமும் குளிக்கும் படித்துறையில் மட்டும், பெரியவர் ஒருவர் கரையில் இருக்கும்போது மட்டும், மதகுக்குக் கீழே ஒருபோதும் இல்லை, செல்ஃபி எடுக்கத் தடுப்பணை மேல் ஏறக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவன் மூழ்கினால் மற்றவன் குதிக்கக் கூடாது. வேட்டியோ துண்டோ கயிறோ வீச வேண்டும். 112-க்கு அழைக்க வேண்டும். இரட்டைச் சாவுகள் பல, காப்பாற்றக் குதித்தவனுடையவை.

ரிசல்ட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாமா?

பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மதிப்பெண் பிள்ளையுடையது. வேண்டாம் என்றால் போட வேண்டாம், எவ்வளவு நல்ல மதிப்பெண்ணாக இருந்தாலும்.

போட்டாலும் மதிப்பெண் பட்டியலின் படத்தை அப்படியே போடாதீர்கள். பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் முடிவைத் திறந்து பார்க்கலாம். விண்ணப்ப எண், ஹால் டிக்கெட், ஒதுக்கீட்டு ஆணை எதுவும் வெளியே போகக் கூடாது. நாலு வரி எழுதினால் போதும்.

சொந்தக்காரர்கள் விடாமல் கேட்கிறார்களே?

ஒரே பதிலை வீட்டில் எல்லாரும் சொல்லுங்கள். “ரிசல்ட் வந்துருக்கு சித்தப்பா, நல்லபடியா எழுதியிருக்கா. கவுன்சிலிங் முடிஞ்சதும் அவளே உங்களுக்கு போன் பண்ணுவா.” இதற்கு மேல் அம்மா ஒன்று, அப்பா ஒன்று, பாட்டி ஒன்று என்று சொல்லும்போதுதான் ஒப்பீடு தொடங்குகிறது. பெரியப்பா மகன் எவ்வளவு என்று நீங்களும் கேட்காதீர்கள்.

கோச்சிங் சென்டரோ பள்ளியோ பிள்ளையின் படத்தை ஃபிளெக்ஸில் போடக் கேட்டால் பிள்ளையும் நீங்களும் சம்மதித்தால் மட்டும். வெறும் வாராந்திர மாதிரித் தேர்வுக்குப் போன பிள்ளையையும் தங்கள் மாணவர் என்று போடும் வழக்கம் இருக்கிறது; என்ன வாசகம் வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வினாத்தாள் தருகிறோம், சீட் வாங்கித் தருகிறோம் என்று போன் வருகிறது.

பணம் பறிக்கும் வேலை. தேர்வுக்கு முன் டெலிகிராமில் உலவுபவை பெரும்பாலும் போலி. ஒருவேளை உண்மையாகவே இருந்தாலும் வாங்கியவரும் வழக்கில் மாட்டி, பிள்ளை தேர்வெழுதவே தடை வரும். கவுன்சிலிங் இடத்தை யாரும் விற்க முடியாது. பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நீட்டில் தகுதி பெற்றாயிற்று. அடுத்து அவர்களே கூப்பிடுவார்களா?

கூப்பிட மாட்டார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு ஒரு விண்ணப்பம், மாநிலத்தின் 85 சதவீத இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழுவிடம் இன்னொரு விண்ணப்பம். இரண்டாவதைப் போடாமல் காத்திருந்து இழந்தவர்கள் உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு இடம் இந்த இரண்டாவது வழியில்தான். தகுதி மதிப்பெண் எடுத்ததும் இடம் கிடைத்ததும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம்.

மதிப்பெண் குறைந்துவிட்டது. பிள்ளை பேசவே இல்லை.

அன்று இரவு தனியாக விடாதீர்கள். திட்டுவதும் வேண்டாம், நீண்ட ஆறுதலும் வேண்டாம். கூடவே படுத்துக்கொள்ளுங்கள், சாப்பிட வையுங்கள். இரண்டு நாளுக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் இல்லை என்றாலோ, செத்துவிடுவேன் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலோ, சும்மா சொல்கிறது என்று விட வேண்டாம். உதவி எண்கள் 104-க்கும் 14416-க்கும் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். பூச்சிமருந்து நம் வீடுகளில் கொல்லைப் பக்கத்திலேயே இருக்கும். ரிசல்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அதை வீட்டிலிருந்து எடுத்துப் பூட்டிய இடத்தில் வைத்துவிடுங்கள். எல்லா வீட்டிலும், எந்தப் பிள்ளையாக இருந்தாலும்.

மறுபடி எழுதுவதா என்ற முடிவை ஒரு மாதம் கழித்து எடுங்கள். நீட் எழுத உச்ச வயது வரம்போ, இத்தனை முறைதான் என்ற வரம்போ இல்லை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டுக்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான். ஓராண்டு காத்திருப்பது பிள்ளையின் விருப்பமாக இருந்தால் மட்டும். அதுவரை வேறு கவுன்சிலிங்கை விட்டுவிடாதீர்கள்.

பொறியியல் கவுன்சிலிங் நடக்கும்போது ஆடிப்பெருக்கு வந்துவிடுகிறது. ஊருக்குப் போய்விட்டால்?

போகலாம், கைபேசியும் சார்ஜரும் கூடவே இருந்தால். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்கிறோமா, இதைவிட மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறோமா என்று இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். பெரும்பாலும் இரண்டு நாள்தான் தருவார்கள். உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும், அடுத்த சுற்றில் அதே இடம் இருக்காது. விருப்பப் பட்டியலை முன்பே நீளமாகப் போடுங்கள். கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே வைக்காமல், உண்மையில் வேண்டும் என்பதை மேலே வையுங்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள், ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. பூட்டிய பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு, படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு, சித்ரான்னம் சாப்பிட்டு முடித்த பிறகு ஒருமுறை லாகின் செய்து பார்த்துவிடுங்கள்.